ஹக்கீமும் ஹைதரும் எங்க தாத்தாவோட நாட்டுத் துப்பாக்கியும்

ரொம்ப நாளா கடைப்பக்கம் வரலை. ஆணி அதிகம். இந்தப் பதிவு கொஞ்சம் நீளம், டீயோட உக்காருங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்சைட்ல டெக்சஸ்ல இருந்தப்போ, கூட வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் ஒரு சனிக்கிழமை துப்பாக்கிச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனார். நம்மூர் மாட்டுச்சந்தை மாதிரிதான். பெரிய கொட்டகை, வரிசையா மேஜை, மேஜை மேல துப்பாக்கி. மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பாக்கற மாதிரி ஆளாளுக்குக் குழலுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்துட்டு இருந்தாங்க. அங்க ஒரு ஓரமா நீளமா, கனமா, வாயில துளைத்துளையா ஒரு ரைஃபிள் கிடந்துச்சு. குறிபார்க்கிற தகட்டுல எண்கள் எல்லாம் அரபியில. "இது என்னது?"ன்னு கேட்டேன். "ஹக்கீம். எகிப்துல செஞ்சது"ன்னார். எங்க ஊர்ல ஹக்கீம்னா யுனானி வைத்தியர். இந்த ஹக்கீம் செய்யற வைத்தியம் வேற போல.

அன்னிக்கு ராத்திரியே உக்காந்து படிச்சுத் தள்ளிட்டேன். படிச்சது மெக்கானிக்கல், குப்பை கொட்டறது ஜாவாவுல, அதனால இரும்பைப் பாத்தா கொஞ்சம் கை பரபரக்கும்.

கதை இதுதான். ஸ்வீடன்காரன் 1942ல லியுங்மன்னு ஒரு அரைத்தானியங்கி ரைஃபிளை ராணுவத்துக்கு எடுத்தான். விசையை ஒரு தடவை அழுத்தினா ஒரு குண்டு, அடுத்த தோட்டா தானே ஏறிக்கும். குண்டு வெடிக்கிற வாயுவுல கொஞ்சத்தை ஒரு சின்னக் குழாய் வழியா நேரா பின்னாடி அனுப்பி, அந்த அழுத்தத்துலயே பூட்டைத் திறக்கற ஏற்பாடு. நடுவுல பிஸ்டன் கிடையாது. 1950களோட ஆரம்பத்துல ஸ்வீடன் இந்த வரைபடத்தையும் செய்யற எந்திரங்களையும் சேர்த்து எகிப்துக்கு வித்துடுச்சு. எகிப்து அதைத் தன் கையில இருந்த ஜெர்மன் 7.92 மி.மீ. தோட்டாவுக்கு ஏத்த மாதிரி பெருசாக்கி, வாயு எவ்வளவு போகணும்னு திருகி வைக்க ஒரு குமிழும் சேர்த்து, ஹக்கீம்னு பேர் வெச்சுது. சுமார் 70,000 செஞ்சாங்க. அப்புறம் சோவியத் பக்கம் சாய்ஞ்சாச்சு. கலாஷ்னிகோவ் வந்துச்சு, ஹக்கீம் கிடங்குக்குப் போச்சு. அங்கிருந்து அமெரிக்காக்காரன் கையில மலிவு விலைக்கு. இதோட தம்பி ரஷீத், சின்ன ரஷ்யத் தோட்டா போடறது, சில ஆயிரம்தான் செஞ்சாங்க. அதனால இன்னிக்கு அண்ணனை விட தம்பிக்குத்தான் விலை ஜாஸ்தி.

தரம் எப்படின்னு கேட்டா, ஆச்சரியமா நல்லாவே இருக்கும்னுதான் சேகரிக்கிறவங்க சொல்றாங்க. ஸ்வீடன் எந்திரத்துல, ஸ்வீடன் அளவுல கடைஞ்சது. குறை சொல்றதுன்னா எடை ஜாஸ்தி, மணல் போனா மக்கர் பண்ணும், மேல்மூடியை முன்னே தள்ளிப் பின்னே இழுக்கறப்போ கவனம் தப்பினா கட்டைவிரல் போச்சு. பழைய தோட்டாக்களோட பத்தவைப்பு மருந்துல ஒரு உப்பு இருக்கும், சுட்டுட்டுக் கழுவாம விட்டா குழல் உள்ளுக்குள்ள துரு ஏறிடும். அதுக்குத்தான் அத்தனை டார்ச். ஆனா "எகிப்துக்காரன் செஞ்சதா?"ன்னு உதட்டைப் பிதுக்கறவங்களும் அதே சந்தையில நிறையவே இருந்தாங்க. எந்திரம் ஸ்வீடன்ல இருந்து எகிப்துக்கு வந்ததும் இரும்போட குணம் மாறிடுமா என்ன?

நம்ம இஷாப்பூர் ரைஃபிளுக்கும் அதே கதிதான். 1962 சீனப் போருக்கு அப்புறம் வங்காளத்துல இஷாப்பூர் தொழிற்சாலையில 7.62 மி.மீ. தோட்டாவுக்குன்னு 2ஏ1னு ஒரு ரைஃபிள் செஞ்சாங்க. பாக்க பழைய .303 லீ என்ஃபீல்ட் மாதிரியே இருக்கும். இதுவும் அமெரிக்கா போச்சு. பழைய .303யைத் துளைச்சு ஒப்பேத்தினதுன்னு அங்க ரொம்ப நாளா ஒரு பேச்சு. உண்மையில இது புதுசா, இன்னும் உறுதியான எஃகுல செஞ்சது. சந்தையில ஒண்ணு கிடந்துச்சு. பித்தளைத் தகட்டுல நம்ம சிங்கத்தலை முத்திரையைப் பாத்ததும், வெளியூர் பஸ் ஸ்டாண்டுல சொந்தக்காரனைப் பாத்த மாதிரி இருந்துச்சு போங்க.

இவ்ளோ கதையும் எதுக்குன்னா, ஹக்கீமைத் தொட்டுப் பாத்தப்போ என் மண்டைக்குள்ள ஓடினது வேற ஒரு துப்பாக்கி. எங்க தாத்தாவோடது.

சிறுமலை அடிவாரத்துல எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம். காட்டுப்பன்னி தொல்லைக்காக தாத்தா லைசென்ஸ் வாங்கி ஒரு நாட்டுத் துப்பாக்கி வெச்சிருந்தார். வாய் வழியா மருந்து கெட்டிக்கிற வகை. கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணிச்சு, கம்பியால இடிச்சு, ரெண்டு பால்ரஸ் குண்டைப் போட்டு, கேப்பை மாட்டி, குதிரையைத் தூக்கி வெச்சா தயார். தாத்தா அதைச் சுட்டு நான் பாத்ததே ரெண்டு தடவைதான், ரெண்டும் வானத்தைப் பாத்து. பன்னி சிரிச்சுட்டே போயிருக்கும். ஆனா மாசா மாசம் தேங்காண்ணெய் போட்டுத் துடைச்சு வைப்பார். தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைச்சு, ரசீது வாங்கி, முடிஞ்சதும் திரும்ப வாங்கிட்டு வருவார். அவர் போனதுக்கப்புறம் அப்பா பேருக்கு மாத்த அலையணும்னாங்க. அப்பா கணக்கு வாத்தியார், அவருக்கு எதுக்கு துப்பாக்கி? சரண்டர் பண்ணிட்டார். யார் செஞ்சது, எப்ப செஞ்சதுன்னு நான் கேக்கவே இல்ல. கேக்கற வயசும் இல்ல.

அதைத் தேட ஆரம்பிச்சுத்தான் 1755க்குப் போய் விழுந்தேன்.

திண்டுக்கல்னா பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை. பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கூட கிடைச்சாச்சு. ஆனா ஊர்ல பாதிப் பேருக்கு, நம்ம மலைக்கோட்டை அடிவாரத்துல ஐரோப்பிய முறையில ஒரு ஆயுதப் பட்டறை ஓடிச்சுன்னு தெரியாது. எனக்கும் தெரியாதுங்க, இருவத்தஞ்சு வருஷம் அந்தப் பாறை நிழல்லயே வளர்ந்தும்.

கோட்டை மதுரை நாயக்கர்கள் கட்டினது. 18ஆம் நூற்றாண்டுல மைசூர் கைக்குப் போச்சு. 1755ல மைசூர் சர்க்கார் ஹைதர் அலியைத் திண்டுக்கல் ஃபௌஜ்தாரா அனுப்புச்சு. அப்ப அவர் சுல்தானும் இல்ல, நவாபும் இல்ல. எழுதப் படிக்கத் தெரியாத, கணக்கு மட்டும் மனசுலயே போடற ஒரு படைத்தலைவர். சுத்துப்பட்டுப் பாளையக்காரர்கள் வரி கட்ட மாட்டேங்கறாங்க, அடக்கணும். அதுதான் வேலை.

இந்தக் காலத்தைப் பத்தி கர்னல் மார்க் வில்க்ஸ் 1810ல வெளிவர ஆரம்பிச்ச தன்னோட தென்னிந்திய வரலாற்றுப் புத்தகத்துல எழுதியிருக்கார். சிரிப்பா இருக்கும். காயம்பட்ட சிப்பாய்களுக்கு மைசூர்ல இருந்து உதவித்தொகை வரும்னதும், காயமே படாத நூத்துக்கணக்கான ஆட்களுக்கு மஞ்சள்ல நனைச்ச துணியைக் கட்டி வரிசையா நிக்க வெச்சிருக்கார் ஹைதர். ஆடிட் பண்ண வந்தவரும் எண்ணிட்டுப் போயிட்டார். நம்ம கம்பெனிகள்ல டைம்ஷீட் போடற ஆளுங்கல்லாம் கிட்ட நிக்க முடியாது.

அப்படிச் சேத்த காசை என்ன பண்ணார்ங்கறதுதான் விஷயம். திருச்சியில இருந்தும் பாண்டிச்சேரியில இருந்தும் கைதேர்ந்த வேலையாட்களைக் கூட்டிட்டு வந்து, பிரெஞ்சு நிபுணர்களோட மேற்பார்வையில, திண்டுக்கல்ல ஒரு ஆயுதச்சாலையும் ஒரு லேபரட்டரியும் ஆரம்பிச்சார். அந்தக் காலத்து ராணுவ லேபரட்டரின்னா சோதனைக் குழாய் இல்ல. வெடிமருந்து கலக்கி, தோட்டா கட்டி, குண்டுக்குத் திரி வைக்கிற கூடம். பீரங்கிப் படையை ஒழுங்கா அமைச்சதும் இங்கதான். பின்னாடி வெள்ளைக்காரனைத் தண்ணி குடிக்க வெச்ச மைசூர் பீரங்கிப் படைக்கு அரிச்சுவடி எங்க ஊர்ல எழுதினது! (காலரைத் தூக்கி விட்டுக்கறேன், கண்டுக்காதீங்க.) பீரங்கிங்கற சொல்லே ஃபிரங்கிங்கற வெள்ளைக்காரன் பேர்ல இருந்து வந்ததுதான், துப்பாக்கி துருக்கிச் சொல்.

யோசிச்சுப் பாருங்க. ஹைதர் செஞ்சதும் நாசர் காலத்து எகிப்து செஞ்சதும் ஒரே காரியம்தான். ஆயுதத்தை மட்டும் வாங்கினா அவன் நிறுத்தினா நாம செத்தோம். அதனால செய்யற கையைக் கொண்டுவா. எகிப்து எந்திரத்தை வாங்குச்சு, ஹைதருக்கு எந்திரம் இல்ல, ஆள்தான். அந்த ஒரு வித்தியாசத்துலதான் தரம்ங்கற பிரச்சினை முழுக்க இருக்கு.

18ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கியில தரம்னா மூணு இடத்துல பாக்கணும். ஒண்ணு குழல். பழுக்கக் காய்ச்சின இரும்புப் பட்டையை ஒரு கம்பி மேல சுத்தி, அடிச்சு ஒட்டி, அப்புறம் உள்ளே கடைவாங்க. ஒட்டு சரியில்லன்னா வெடிக்கிறது முன்னாடி இல்ல, உங்க மூஞ்சியில. ரெண்டாவது, குதிரையை இழுத்துவிடற வில். பதம் தப்பினா நாலு நாள்ல தொய்ஞ்சிடும், இல்ல ஒடிஞ்சிடும். மூணாவது, சிக்கிமுக்கிக் கல் வந்து அடிக்கிற எஃகுத் தகடு. அது மெதுவா இருந்தா பொறி வராது, ரொம்பக் கெட்டியா இருந்தாலும் வராது. மூணுமே கொல்லனோட கண்ணும் காதும் சம்பந்தப்பட்டது. நிறத்தைப் பாத்துப் பதம் பிடிக்கணும், சத்தத்தைக் கேட்டு ஒட்டு பிடிச்சுதான்னு தெரிஞ்சுக்கணும். ஒரு துப்பாக்கியோட பாகம் இன்னொண்ணுக்குப் பொருந்தாது. இது நம்ம ஊர்க் குறை மட்டும் இல்ல. பாரிஸ்ல ஒனோரே பிளாங்கு ஒருத்தர் மாத்தி மாத்திப் போட்டாலும் பொருந்தற பாகங்களைச் செஞ்சு, 1785ல தாமஸ் ஜெஃபர்சனுக்குக் காட்டினப்போ அது ஊரே வாய்பிளக்கற அதிசயம்.

ஹைதர் மகன் திப்பு காலத்துல வேலை பல மடங்கு பெருகிடுச்சு. ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்ரதுர்கா, பிதனூர்னு பட்டறைகள். பீரங்கிக் குழல் கடையறதுக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் தண்ணி விசையில ஓடற எந்திரம் செஞ்சு கொடுத்திருக்கார். திப்பு அந்தத் தண்ணிச் சக்கரத்தைக் கழட்டிட்டு மாட்டைக் கட்டி இழுக்க விட்டாராம். 1800ல மைசூர் சீமையைச் சுத்திப் பாத்த பிரான்சிஸ் புக்கானன் இதை ஏளனமா எழுதியிருக்கார். எனக்கென்னவோ அதுல காரணம் இருந்திருக்கும்னு தோணுது. கோடையில ஆறு வத்தினா சக்கரம் நின்னுடும், மாடு நிக்காது. புரொடக்ஷன் சர்வர் கீழ விழுந்து ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்தவனுக்குத்தான் இந்த நியாயம் புரியும்.

1799 மே 4ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் கம்பெனிக்காரன் கணக்கெடுத்தான். பீரங்கி வகை மட்டும் 929. கைத்துப்பாக்கி, மஸ்கட் எல்லாம் லட்சத்தைத் தொடற எண்ணிக்கை. அதுல திப்புவோட சொந்த உபயோகத்துக்குச் செஞ்ச கொஞ்சம் துப்பாக்கிகள் அதிகாரிகளோட மூட்டை முடிச்சுல இங்கிலாந்து போச்சு. இன்னிக்கு உலகத்துல சேகரிப்பவங்க அடிச்சுக்கறது இதுக்குத்தான்.

அடையாளம் கண்டுபிடிக்கிறது சுலபம். குழல், கட்டை, வெள்ளிப் பூண் எல்லாத்துலயும் புலிக்கோடு. குதிரையே புலி உருவத்துல இருக்கும். சில முத்திரைகள்ல அரபி எழுத்தையே கண்ணாடிப் பிம்பமா ரெண்டு பக்கமும் எழுதிப் புலிமுகம் ஆக்கியிருப்பாங்க. திப்புவே உண்டாக்கின மௌலூதி ஆண்டுக் கணக்கு, எண்களை வலமிருந்து இடமா படிக்கணும். செஞ்ச ஊர், சிலதுல செஞ்சவன் பேர் கூட உண்டு. இதையெல்லாம் ராபின் விகிங்டன்னு ஒரு ஆங்கிலேயர் பல வருஷம் சேகரிச்சு, 1992ல புத்தகமாவே போட்டுட்டார்.

விலையைக் கேளுங்க, மயக்கம் வரும். 2015 ஏப்ரல்ல லண்டன் போனாம்ஸ் ஏலத்துல ஒரு வேட்டைத் துப்பாக்கி 7 லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு. அதோட விசேஷம், ஒரே குழல்ல ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு சுடுக்கு மருந்து போட்டு வெச்சு, மேல இருக்கறதை முதல்லயும் கீழ இருக்கறதை அப்புறமும் சுடலாம். நடுவுல மருந்து கெட்டிக்க வேண்டாம். ஹக்கீம் வர்றதுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னாடியே "அடுத்த குண்டு உடனே வேணும்"ங்கற அதே அரிப்பு! முன்குண்டு சரியா அடைக்கலைன்னா ரெண்டும் சேந்து வெடிக்கும். அதைத் தைரியமா கையில கொடுக்கணும்னா வேலைப்பாடு எப்படி இருந்திருக்கணும்?

2019 மார்ச்ல பெர்க்ஷயர்ல ஒரு வீட்டுப் பரண்ல கிடந்த திப்பு துப்பாக்கி 60,000 பவுண்டு. அது போர்ல பட்ட சேதத்தோட அப்படியே இருந்ததுதான் அதுக்குப் பெருமை. 2023ல இன்னொண்ணு. அசத் கான் முகமதுங்கற கைவினைஞர் 1793-94ல செஞ்சது, பறக்கிற பறவையைச் சுடறதுக்கு. கார்ன்வாலிஸ் கைக்குப் போனது. 20 லட்சம் பவுண்டு மதிப்பு போட்டு, நாட்டை விட்டு வெளியே போகக் கூடாதுன்னு பிரிட்டிஷ் அரசே தற்காலிகத் தடை போட்டுச்சு. எங்கிருந்து எங்க வந்த பொருளை எங்க போகக் கூடாதுங்கறாங்க பாருங்க!

சரி, இந்த விலை எல்லாம் தரத்துக்கா? அங்கதான் எனக்கு உறுத்துது. ராஜா கையில இருந்தது, புலி இருக்கு, தேதி இருக்கு, யார் எப்ப கொள்ளையடிச்சான்னு சீட்டு இருக்கு. அதுக்குத்தான் விலை. அதே பட்டறையில சாதாரண சிப்பாய்க்குச் செஞ்ச ஆயிரக்கணக்கான மஸ்கட் எங்க? போர்ல நிஜமா வேலை செஞ்சது அதுதானே? 2018ல ஷிமோகா பக்கம் பழைய பிதனூர்ல ஒரு வறண்ட கிணத்தைத் தூர் வாரினப்போ ஆயிரத்துக்கு மேல துருப்பிடிச்ச திப்பு காலத்து ராக்கெட் கிடைச்சுது. சிப்பாய்ச் சரக்கு கிணத்துக்குள்ள, சுல்தான் சரக்கு ஏலத்துல.

தஞ்சாவூர்ல இன்னும் மோசம். அரண்மனை ஆயுதச்சாலையை 1860கள்ல கலைச்சு, டன் கணக்குல உடைச்சுப் பழைய இரும்பா வித்தாங்க. வால்ஹவுஸ்னு ஒரு அதிகாரி ஆசைப்பட்டுப் பொறுக்கி எடுத்ததுலதான் சென்னை எழும்பூர் மியூசியத்துல இன்னிக்கு நாம பாக்கறது மிஞ்சியிருக்கு.

அப்ப திண்டுக்கல் சரக்கு? 1755ல ஆரம்பிச்ச பட்டறைக்கு புலி முத்திரையும் கிடையாது, தேதியும் கிடையாது. அதெல்லாம் மகன் காலத்து ஆடம்பரம். ஊரும் நிம்மதியா இருக்கல. 1767ல கம்பெனி பிடிச்சுது, மைசூர் திரும்பப் பிடிச்சுது, 1783ல மறுபடி கம்பெனி, 1784 மங்களூர் உடன்படிக்கையில மறுபடி மைசூர், 1790ல மறுபடி கம்பெனி. 1792ல மொத்தமா கைமாறிடுச்சு. ஒவ்வொரு தடவையும் கிடங்கைக் காலி பண்ணித்தானே போயிருப்பான்? அப்புறம் விருப்பாச்சி கோபால் நாயக்கர் பாளையக்காரர்களைத் திரட்டி எழுந்தார், 1801ல தூக்குல போட்டாங்க. அந்த வருஷம் டிசம்பர்ல சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு அறிவிப்பு விட்டார். தெற்குச் சீமையில பாளையக்காரர்களும் ஜனங்களும் ஆயுதத்தை ஒப்படைக்கணும், கோட்டைகளை இடிக்கணும். 1878ல ஆயுதச் சட்டம், லைசென்ஸ். ஒரு ஊர்ல ரெண்டு தலைமுறை துப்பாக்கி செஞ்ச கைங்க என்ன ஆகும்? கலப்பைக் கொழுவும் அருவாளும் அடிக்கப் போயிருக்கும், வேற என்ன.

இங்க ஒரு ஆசை எழும்: அந்தக் கைங்கதான் பூட்டு செய்ய ஆரம்பிச்சதோன்னு. நானும் அப்படித் தலைப்பு வெச்சு ஒரு பதிவு எழுதலாம்னு துள்ளினேன். ஆனா நம்மூர்ப் பூட்டுத் தொழிலோட கதை பட்டறைக்கு நூறு வருஷம் தள்ளித்தான் தொடங்குது. நடுவுல பாலம் கட்ட என்கிட்ட கல் இல்ல. வில், நெம்புகோல், பதம்னு ரெண்டுக்கும் வேண்டிய வித்தை ஒண்ணுதான்னு சொல்லிக்கலாம், அவ்ளோதான்.

நம்மூர்ல சேகரிக்கலாமான்னு யாராவது கேப்பீங்க. ஹக்கீம் மாதிரி ராணுவ அரைத்தானியங்கி ரைஃபிளை நெனச்சே பாக்காதீங்க, சாதாரண ஆளுக்கு லைசென்ஸே கிடையாது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு ஆள் வெச்சுக்கக் கூடிய துப்பாக்கியே ரெண்டுதான். பழங்காலத்துது, பழுது பாத்தாலும் சுடவே முடியாதுன்னா 1959 சட்டத்துல அதுக்கு விலக்கு இருக்கு. ஆனா நூறு வருஷம் தாண்டினா 1972 தொல்பொருள் சட்டம் வந்து நிக்கும், வெளிநாட்டுக்கு விக்க முடியாது. பரண்ல ஏதாவது கிடைச்சா முதல்ல லைசென்ஸ் தர்ற ஆபீஸ்ல விசாரிங்க, ஃபேஸ்புக்ல போட்டோ போடாதீங்க சாமி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ கோட்டை ஏறினேன். வெயில் தாளல. பீரங்கி மேடையில நின்னு பாத்தா ஒரு பக்கம் சிறுமலை, கீழ ஊர் முழுக்க தகரக் கூரை. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட தாத்தாவோட லைசென்ஸ் புத்தகம் இருக்கான்னு கேட்டேன். துப்பாக்கியை ஒப்படைச்சப்போ அதையும் வாங்கிட்டாங்களாம், ஆனா அதுக்கு முந்தின பழைய புத்தகம் பீரோல, பட்டாவுக்குக் கீழ இருந்துச்சு. பக்கம் பக்கமா புதுப்பிச்ச முத்திரை. ஆயுத விவரம்னு இருக்கற கட்டத்துல "எஸ்.பி.எம்.எல்., நாட்டுத் தயாரிப்பு"ன்னு நீல மையில எழுதியிருக்கு. செஞ்சவர் பேர், எண் எழுதற இடத்துல குறுக்கால ஒரு கோடு.

உங்க வீட்டுலயும் இப்படிப் பழைய புத்தகம் ஏதாவது கிடந்து, அந்தக் கட்டத்துல கோட்டுக்குப் பதிலா ஒரு பேர் இருந்தா, எந்த ஊர்ப் பேரா இருந்தாலும் சரி, சொல்லுங்க.